எழுதிக் குடுங்கண்ணா, பேசறன்

ஆரணியில் அந்தக் காலத்தில் விளம்பரம் எழுதுவது ஒரு பிழைப்பு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் தகப்பனார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் சித்தப்பாவிடம் கேட்டார்: "கட வச்சிகினு கீறவனுக்கு வாயி இல்லியா? அவன் சரக்கப் பத்தி அவனே சொல்லிக்க மாட்டானா? அதுக்கு எழுதிக் குடுக்க தனியா ஒரு ஆளா?" சித்தப்பா காப்பித் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். பிற்பாடு அதற்கு விதவிதமான பதில்கள் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யோசித்தால் அந்த மனிதர் கேட்டதுதான் நியாயமான கேள்வி என்று படுகிறது. ஆனாலும் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

எங்களுடையது நெசவுக் குடும்பம். அப்பாவும் அண்ணனும் பட்டுத் தறியில் இருந்தார்கள். எனக்குத் தறியில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும்; அப்பா என்னை அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பி.ஏ. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், கடைத்தெரு அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கப் போனேன். அங்கே அடிக்க வரும் துண்டு நோட்டீஸ்களைப் படித்தால் பற்றிக்கொண்டு வரும். எல்லாக் கடையும் தரமான கடை, எல்லா விலையும் குறைந்த விலை. திருத்தித் திருத்திக் கொடுத்ததில் கடைக்காரர்கள் நேராக என்னையே தேடி வர ஆரம்பித்தார்கள். எழுபதுகளின் நடுவில் அச்சகத்து மாடியிலேயே ஒரு அறையைப் பிடித்துப் பலகை மாட்டினேன். நோட்டீஸ், சினிமாக் கொட்டகை ஸ்லைடு, சுவர் எழுத்து, மைக் விளம்பரம் எல்லாம் எடுத்துச் செய்தேன்.

நடுவில் ஒருமுறை மெட்ராஸ் போய் ஒரு பெரிய விளம்பரக் கம்பெனியில் வேலை கேட்டேன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, சுழலும் நாற்காலி. அங்கே தமிழுக்கென்று ஒருவர் இருந்தார். இங்கிலீஷில் மற்றவர்கள் யோசித்து முடித்ததை அவர் தமிழில் புரட்டிப் போட வேண்டும். அவருடைய மேஜை கழிப்பறைக்குப் போகிற வழியில் இருந்தது. போகிறவர்கள் எல்லோரும் அவர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். என்னை எடுத்துக்கொள்வதாகத்தான் சொன்னார்கள். நான்தான் சாயங்கால பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பினேன். எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் அதிகம். அங்கேயே இருந்திருக்கலாமோ என்று பின்னால் பலமுறை நினைத்ததுண்டு. இருந்திருந்தால், நான் சொல்லப் போகிற இந்த விஷயத்தில் என் கை பட்டிருக்காது.

யோசனைக்கு நான் எங்கேயும் போய் உட்கார்ந்ததில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றால் போதும். கொய்யாப்பழக்காரி எந்தச் சொல்லைச் சொன்னதும் பஸ் ஜன்னலிலிருந்து கை நீளுகிறது, கண்டக்டர் ஊர்ப் பெயரை எப்படி இழுத்தால் ஓடிக்கொண்டிருப்பவன் இன்னும் வேகமாக ஓடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பட்டுக்கடைகளில் போய்ச் சும்மா உட்காருவேன். கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டத்தில், பெண்ணின் தகப்பன் மட்டும் புடவையைப் பார்க்காமல் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்த பிறகுதான் ஒரு கடைக்கு எழுதினேன்: "கல்யாணச் சாப்பாட்டை ஊர் மறந்துவிடும். உங்கள் மகள் கட்டியிருந்த புடவையை மறக்காது." அந்த வரி அந்த வட்டாரத்தில் நன்றாகப் போயிற்று. மகள், தகப்பன், மணவறை என்று நான் எழுதினால் கண் கலங்கும் என்று பெயர் வாங்கிவிட்டேன். அந்தப் பெயரைக் காப்பாற்ற அதையே திருப்பித் திருப்பி எழுதினேன்.

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மைக் விளம்பரங்களுக்கெல்லாம் குரல் கொடுத்தவன் அவன்தான். சேவூர்க்காரன். நிலம் இல்லாத வீடு. அவன் அம்மா நடவுக்கும் களைக்கும் போனவள். அவன் மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்து, திருவிழாவிலும் கல்யாணத்திலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் குதிரை வண்டியில் எங்கள் விளம்பரத்தைச் சொல்ல வேண்டிய ஆள் வரவில்லை. வண்டியில் பேட்டரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவனிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தான். காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாழைத்தாரைத் தோளில் வைத்திருந்த ஒருவர் அப்படியே நின்றார். அப்படி ஒரு குரல். கனமாக, அதே சமயம் பக்கத்தில் நின்று பேசுவதுபோல இருந்தது. அன்றிலிருந்து அவன் என்னோடு இருந்தான். என்னைவிட இளையவன், என்னை அண்ணா என்பான்.

மைக் விளம்பரம் எழுதுவதற்கு என்று ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். வாசலில் நிற்பவர் காதில் முழு விளம்பரமும் விழாது. வண்டி அவரைத் தாண்டுவதற்குள் என்ன விழுகிறதோ அதுதான். ஆகவே எந்த வாக்கியத்தைப் பிடுங்கி எடுத்தாலும் அது தனியாக நிற்க வேண்டும். கடையின் பெயர் குறைந்தது மூன்று தடவையாவது வர வேண்டும். நெசவாளர் தெருக்களில் தறிச் சத்தம் வேறு. அங்கே முதல் சொல்லிலேயே தறியில் நாடா ஓட்டுகிற கை நிற்க வேண்டும். இதெல்லாம் போக, நான் அவன் மூச்சுக்கு எழுதினேன். அவன் ஒரு மூச்சில் எவ்வளவு தூரம் போவான், எந்த எழுத்தில் குரல் தாழும், எங்கே நிறுத்தினால் இன்னும் வேண்டும் என்று கேட்கத் தோன்றும், எல்லாம் எனக்கு மனப்பாடம். சிவப்புப் பென்சிலால் மூச்சு விடுகிற இடங்களில் கோடு போட்டுக் கொடுப்பேன். அவன் அந்தக் கோட்டைத் தாண்டமாட்டான்.

மைக்கை விட்டு இறங்கினால் அவன் வேறு ஆள். வளவளவென்று பேசுவான். சொல்லில் பாதியை விழுங்கிவிடுவான். சிரிப்புக் கதை சொல்ல ஆரம்பித்தால், முடிவதற்குள் அவனே சிரித்து, முடிவு என்ன என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். இந்தப் பேச்சு மைக்கில் வந்துவிடக் கூடாதென்று தொடக்கத்திலேயே நான் கண்டிப்பாக இருந்தேன். வந்துகினு, போய்கினு எல்லாம் கூடாது, 'இன்னா' கூடாது, சிரிப்புக் கூடாது. அவனும் பிடித்துக்கொண்டான். ஒரு கட்டத்தில் கையில் தாள் இல்லாமல் மைக் முன்னால் வாயைத் திறக்கவே மாட்டான் என்று ஆகிவிட்டது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னதற்கு, ஆளனுப்பி என்னை வரவழைத்தான். "எழுதிக் குடுங்கண்ணா, பேசறன்" என்றான். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். கடையில் டீ சொல்ல வேண்டும் என்றால்கூட, "எழுதிக் குடுங்கண்ணா" என்பான்.

எண்பதுகள் பிறந்ததும் டேப் ரெக்கார்டர் வாங்கினோம். ஒருமுறை பதிவு செய்துவிட்டால் அவன் நாள் முழுக்க வண்டியில் கத்த வேண்டியதில்லை. பதிவு செய்ய இடம்தான் இல்லை. மாடி அறையில் பஸ் சத்தம், கீழே அச்சு இயந்திரம். கடைசியில் எங்களிடம் விளம்பரம் கொடுக்கிற ஒரு அரிசி மில்லின் கிடங்கில் இடம் கிடைத்தது. சுற்றிலும் நெல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டால் எதிரொலியே இருக்காது. ஆனால் மில் ஓடக் கூடாது. கரண்ட் போனால்தான் மில் நிற்கும். ஆகவே பகலில் கரண்ட் போனதும் இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவோம். ஊரெல்லாம் கரண்டைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நாங்கள் மட்டும் சந்தோஷமாகப் போவோம். பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று, அவன் தாளில் இருப்பதை முடித்த அதே கணம் நான் நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிடுவேன். தப்பு வந்தால் திருப்பிச் சுற்றி அதன் மேலேயே மறுபடியும் பதிவு. கேசட்டும் அப்படித்தான். தீபாவளிப் பட்டின் மேல் பொங்கல் பட்டு, அதன் மேல் சித்திரைக் கல்யாண சீசன். பழைய விளம்பரம் யாருக்கு வேண்டும்?

அவனுக்குத் தாமதமாகத்தான் கல்யாணம் ஆனது, தாமதமாகத்தான் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை கவிழ்ந்து படுக்க ஆரம்பித்திருந்த சமயத்தில் அவன் குரல் கரகரத்தது. மைக்கில் கத்திக் கத்தி வந்ததென்று நினைத்தோம். மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று என்னென்னவோ கொடுத்துப் பார்த்தோம். அவன் வெற்றிலை புகையிலையை விடவில்லை. "இத வுட்டா கொரலு வராதுண்ணா" என்பான். ஒருநாள் எச்சிலில் ரத்தம் வந்ததும் நான்தான் வேலூருக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். குரல்வளையில் புற்று, அதை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் உயிர் நிற்கும், பேச்சு வராது. வெளியே வந்து, எப்படிச் சொல்வது என்று சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா, மைக் செட்ட கழட்டணும்ன்றாரா?" என்றான்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். கண்ணமங்கலம் தாண்டியதும் சொன்னான்.

"எம் பொண்ணுக்கு எங் கொரலு தெரியாம பூடும்ணா. அவ இன்னும் கொயந்த. ஒண்ணும் நெனப்பு இருக்காது."

"பதிவு பண்ணி வச்சிடலாம்டா" என்றேன்.

"அதான் நானும் நெனச்சிகினு வரேன். பெரியவளானா கேக்கட்டும். அப்பன் இப்டிதான் பேசுவான்னு அவளுக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்ணா எனக்கு." முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நீங்க எழுதிக் குடுத்துடுங்க. நல்லா எழுதிக் குடுங்க."

எழுதித் தருகிறேன் என்றேன். எங்கள் இருவருக்கும் அதைத் தவிர வேறு வழி எதுவும் தோன்றவில்லை. இன்றைக்கு இதைக் கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். தன் குழந்தையிடம் பேச ஒருவனுக்கு இன்னொருவன் எழுதிக் கொடுப்பானா? ஆனால் டேப் ரெக்கார்டர் என்றால் தாள், தாள் என்றால் நான். அத்தனை வருஷமாக எங்களுக்கு அப்படித்தான் பழக்கம்.

ஆபரேஷனுக்குச் சில நாட்கள்தான் இருந்தன. என் வாழ்நாளில் அவ்வளவு சிரத்தையாக எதையும் எழுதியதில்லை. சுலபமாக வரும் என்று உட்கார்ந்தேன். மகளையும் தகப்பனையும் பற்றி எழுதாத நாளா? உண்மையில் சுலபமாகத்தான் வந்தது. பேனாவை வைத்ததும் வரிகள் வந்து நின்றன. எல்லாம் எங்கேயோ பார்த்த முகங்களாக இருந்தன. யோசித்தால், எல்லாம் நான் பட்டுக்கடைகளுக்கு எழுதியவை. கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன். அவன் மூச்சு இப்போது குறைந்திருந்தது. அதற்கேற்ப வாக்கியங்களைச் சின்னதாக்கினேன். அவன் குரல் நன்றாகத் தாழ்கிற எழுத்துகள் வரும்படி சொற்களை மாற்றினேன். குழந்தையின் பெயர் மறக்காமல் மூன்று இடத்தில் வந்தது. முடித்துவிட்டு என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஏற்பட்ட திருப்தியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த மாதிரி நேரத்திலும் வரி நன்றாக விழுந்ததே என்ற சந்தோஷம் எனக்கு இருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு சேவூருக்குப் போனபோது அவன் மனைவி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண். அவன் தாளை வாங்கி மனசுக்குள் படித்துவிட்டு, "ஃபஸ்ட் கிளாஸ்ணா" என்றான். அவளுக்கும் படித்துக் காட்டச் சொன்னான். படித்தேன். அவள் கேட்டுவிட்டு, குழந்தையின் காலை நீவிக்கொண்டே சொன்னாள்:

"நல்லாத்தாங்கண்ணா கீது. ஆனா இவரு எங்க இப்டிப் பேசறாரு? காலைல எய்ந்ததும் இவகிட்ட கதகதயா பேசிகினு கெடப்பாரு. அந்த பொட்டிய பக்கத்துல வச்சி அத புடிச்சா போதாதுங்களா?"

நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். தொழில் தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று எங்களுக்கு நினைப்பு. "வூட்ல புடிச்சா கோயி கத்தும், பாத்திரம் உருளும், ஒண்ணும் கிளியரா இருக்காது" என்று அவன் அவளுக்கு விளக்கினான். "நான் இன்னா பேசறன்னு எனக்கே தெரியாது. அத போயி புடிச்சிகினு."

மறுநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. கிடங்கில் மூட்டைகளை வழக்கத்தைவிட நெருக்கமாக அடுக்கினோம். புது பேட்டரி போட்டேன். பழைய கேசட் வேண்டாமென்று புதுக் கேசட்டே வாங்கியிருந்தேன். மனைவியும் குழந்தையும் வந்திருந்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டே பேசினால் நன்றாக வரும் என்பது அவன் யோசனை. ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் குழந்தை அவனைப் பார்த்து 'ஆ' என்று ஒரு சத்தம் போட்டது. அவனுக்குத் தாள் மறந்துவிட்டது. "இன்னாடி? இன்னாடி என் பட்டுக்குட்டி? அப்பன கிண்டல் பண்றியா? பெரியப்பா திட்டுவாரு பாரு, ஜல்தியா வாய மூடு" என்றான். குழந்தை இன்னும் பெரிதாகக் கத்தியது. அவன் அதே மாதிரி கத்திக் காட்டினான். இரண்டும் மாறி மாறிக் கத்திக்கொண்டு சிரித்தன. நான் பொத்தானை அமுக்கினேன். திருப்பிச் சுற்றினேன். இப்படி மூன்று நான்கு தடவை ஆனதும், "பேஜாரா பூட்சி. நீ இவள இட்டுகினு வெளிய போயி மரத்தாண்ட இரு" என்று அவனே மனைவியை அனுப்பிவிட்டான்.

பிறகு வேலை நடந்தது. தொண்டை கரகரத்தது, வெந்நீர் குடித்தான், மறுபடி ஆரம்பித்தான். ஒரு இடத்தில் குரல் உடைந்தது. அதை அழித்தோம். இன்னொரு இடத்தில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நிமிஷம் மூட்டையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். "ஸாரிண்ணா, இன்னோரு வாட்டி" என்றான். அதையும் அழித்தோம். நடுநடுவே என்னைக் கிண்டல் செய்தான், டாக்டரைத் திட்டினான், பெண் வளர்ந்தால் மில் ஓனர் மகனுக்குக் கொடுக்கமாட்டேன் என்று மூட்டைகளிடம் சொன்னான். அப்போதெல்லாம் பதிவுப் பொத்தான் மேலே இருந்தது, டேப் சுற்றவில்லை. கடைசியில் ஒரு தடவை முதலிலிருந்து முடிவு வரை தடங்கல் இல்லாமல் போயிற்று. மூச்சு ஒவ்வொன்றும் சிவப்புக் கோட்டில் விழுந்தது. கரகரப்புகூட இல்லை, எங்கிருந்து அந்தப் பழைய குரலைக் கொண்டுவந்தானோ. போட்டுக் கேட்டோம். இரண்டு பேருக்கும் புல்லரித்தது. நாங்கள் செய்ததிலேயே அதுதான் சிறந்த பதிவு. வெளியே வந்து டீயும் மசால் வடையும் வாங்கித் தின்றோம். அவன் குழந்தையைத் தூக்கி மேலே போட்டுப் பிடித்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொண்டையில் சின்ன ஓட்டை, அதன் மேல் எப்போதும் ஒரு கைக்குட்டை. உயிருக்கு ஒன்றும் இல்லை. அவனை நான் விடவில்லை. ஸ்லைடு எழுதுவது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, பிறகு விளம்பர ஆட்டோ ஓட்டுவது என்று ஏதாவது வேலை இருந்துகொண்டே இருந்தது. ஆட்டோவின் தலையில் குழாய். அதில் வேறு ஒரு பையன் குரல். அவன் முகத்தில் எதையும் காட்டாமல் ஓட்டிக்கொண்டு போவான். அந்தப் பையனும் நன்றாகத்தான் பேசினான். எனக்குத்தான் எழுத வரவில்லை. யார் மூச்சுக்கு எழுதுவது என்று தெரியாமல் வாக்கியங்கள் நீண்டுகொண்டே போயின. பழைய வரிகளையே தூசி தட்டி ஓட்டினேன். ஊர்க்காரர்கள் வித்தியாசம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்பது இன்னொரு வருத்தம்.

கேசட்டை அவன் பால்மாவு டப்பாவில் வைத்து, டப்பாவை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். ஒருமுறைகூடப் போடவில்லை. பெண்ணுக்கு விவரம் தெரியட்டும் என்று சாடையில் சொல்வான். அந்தப் பெண் அவனோடு வளர்ந்த விதமே தனி. கைதட்டினால் ஒரு அர்த்தம், இரண்டு விரலைச் சொடுக்கினால் ஒரு அர்த்தம், நாக்கைத் தட்டினால் வேறு. தெருவில் எத்தனை பேர் கைதட்டினாலும் அப்பாவின் தட்டு எதுவென்று அவளுக்குத் தெரியும். விளையாட்டைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். அப்பாவுக்கும் சேர்த்து அவளே பேசுவாள். அவனைப்போலவே பாதிச் சொல்லை விழுங்கி, கதை முடிவதற்குள் சிரித்துவிடுவாள். அது எப்படி வந்ததென்று அவன் மனைவியும் நானும் வியந்துபோய்ப் பேசியிருக்கிறோம்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் என்னை வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினான். டேப் ரெக்கார்டரையும் எடுத்துவரச் சொல்லியிருந்தான். போனேன். அவன் சலவைச் சட்டை போட்டிருந்தான். பெண்ணுக்குத் தலை வாரிப் பூ வைத்திருந்தார்கள். டப்பாவைத் திறந்து கேசட்டை என்னிடம் கொடுத்தான். பெண்ணை நடுவில் உட்கார வைத்தோம். என்ன ஏதென்று அவளிடம் சொல்லவில்லை. அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று அவன் சாடை காட்டினான்.

பொத்தானை அமுக்கினேன். அந்தக் குரல் வந்தது. அறை நிறைந்துவிட்டது. அவன் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள். தன் பெயர் முதல் தடவை வந்ததும் நிமிர்ந்தாள். அவன் முன்னால் குனிந்தான். இரண்டாம் தடவை வந்தபோது அவள் பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். குரல் அன்பு என்றது, கனவு என்றது, என் செல்வமே என்றது. எல்லாச் சொல்லும் தெளிவாக, ஒன்றுகூட விழுங்கப்படாமல், கோடு போட்ட இடத்தில் மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அவள் பொறுமையாகக் கடைசி வரை கேட்டாள். டேப் நின்றதும் அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"இந்த மாமா இன்னாம்மா விக்கிறாரு?" என்று கேட்டாள்.